கம்பியில்லாமல் வரும் குரல்: கையடக்கத் தொலைபேசியின் கதை

ஒரு மழைக்காலம். ஆறு பெருகி ஊரில் பாதி வெள்ளத்தில் நின்றது. மின்சாரம் நின்று இரண்டு நாட்களாகிவிட்டன. எனது சாச்சி தனது பழைய பட்டன் போனை மடியில் வைத்தபடி, ஜித்தாவில் தொழில் புரியும் மகனின் அழைப்புக்காகக் காத்திருந்தார். பற்றரியில் சார்ஜ் இருந்தது. ஆனால் போன் ஒலிக்கவே இல்லை. "ஊர் வெள்ளத்துல கெடக்குது எண்டு அவனுக்குத் தெரியும் தானே. ஏன் ஒரு கோல் எடுக்கல்ல? அவனுக்கு என்ன நடந்திச்சோ" என்று சோறும் இறங்காமல் அவர் உட்கார்ந்திருந்தார். அங்கே ஜித்தாவில் மகனோ, உம்மாவின் இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்து, பதில் கிடைக்காமல் இரண்டு இரவுகள் கண் மூடவில்லை.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. சற்று நேரத்தில் போனும் ஒலித்தது. இருவரும் அழுது முடித்த பிறகு, சாச்சி என்னிடம் கேட்டார்: "மகள், போன்ல சார்ஜ் இருந்திச்சு, காசும் இருந்திச்சு. இதுக்குக் கம்பியே இல்லையே. வெள்ளம் வந்து எதை அறுத்திச்சு?"

நல்ல கேள்வி. நாளெல்லாம் நமது கையோடு இருக்கும் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சாச்சிக்கு அந்த இரண்டு நாள் வேதனை இருந்திராது. ஆகவே அவருக்குச் சொன்ன கதையை வாசக சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

ஒரு நகரம், மூன்று பேர்

கம்பியில்லாமல் பேசும் தொலைபேசி புதிதாக வந்த ஒன்றல்ல. 1946 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் மோட்டார் வண்டியில் பொருத்தும் தொலைபேசிச் சேவை ஆரம்பமானது. வண்டியில் ஏற்றிய கருவியின் நிறை சுமார் 36 கிலோ. இணைப்பை எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஒருவர் எடுத்துத் தரவேண்டும். பேசும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கவேண்டும். மற்றவர் பேசும்போது விட்டுவிட வேண்டும்.

இவை கூடப் பெரிய குறைகளல்ல. பெரிய குறை வேறொன்று. ஒரு நகரில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குத்தான் பேச முடிந்தது! நகரின் நடுவே உயரமான ஒரே ஒரு அன்டெனா. அது பலமான அலைகளை நகரம் முழுவதற்கும் வீசும். ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசினால் அந்த நகரில் வேறெவரும் அதைத் தொட முடியாது.

முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் நிலைமை அதிகம் மாறவில்லை. 1976 இல் நியூயோர்க் போன்ற மாநகரில் இத்தகைய தொலைபேசி வைத்திருந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேரே. தங்கள் முறை வருமென்று காத்திருந்தோர் மூவாயிரத்துக்கும் அதிகம். வானொலி அலைகளுக்கென ஒதுக்கக்கூடிய இடம் அளவானது. காணி போல அதையும் நீட்ட முடியாது. அப்படியானால் கோடிக்கணக்கானோர் இன்று பேசுவது எப்படி?

தேன்கூட்டைப் பாருங்கள்

விடை 1947 டிசெம்பரிலேயே பிறந்துவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த டக்ளஸ் ரிங் என்ற பொறியியலாளர், தமது சகாவான ரே யங்கின் துணையோடு ஒரு யோசனையை எழுதி வைத்தார். அதன் சாரம் இதுதான்.

நமது ஊரில் அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒரே நாளில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். இரு வீட்டிலும் ஒலிபெருக்கி. ஒன்றையும் விளங்கிக்கொள்ள முடியாது. ஆனால் பத்து மைல் தூரத்திலுள்ள ஊரில் அதே நேரத்தில் ஒலிபெருக்கி பாடினால் நமக்கு என்ன தொந்தரவு? ஆகவே சத்தத்தைக் குறைத்து, தூரத்தைக் கவனித்தால் ஒரே பொருளைப் பலர் பாவிக்கலாம்.

ஒரு பெரிய அன்டெனாவுக்குப் பதிலாகச் சிறிய கோபுரங்கள் பலவற்றை நாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள சிறு பரப்புக்கு மட்டும் குறைந்த பலத்தில் அலை வீசும். அந்தச் சிறு பரப்பே செல் எனப்படுவது. அறை என்று பொருள். வரைபடத்தில் தேன்கூட்டின் அறுகோண அறைகளைப் போல இவற்றை அடுக்கலாம். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகள். சில அறைகள் தள்ளி, முதலில் கொடுத்த அதே அலைவரிசையை மீண்டும் கொடுக்கலாம். செலியுலர் தொலைபேசி என்ற பெயர் வந்தது இதனால்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மிடம் 70 வழிகள் உள்ளன என்று வைப்போம். ஒரே கோபுரமென்றால் 70 பேர் பேசலாம்; அவ்வளவுதான். அந்த 70 ஐ ஏழு கூறாக்கி, ஓர் அறைக்கு 10 வழி எனப் பங்கிட்டு, நாட்டில் 700 அறைகளை அமைத்தால்? ஒரே நேரத்தில் 7,000 பேர் பேசலாம். சனம் கூடினால் அறையை இன்னும் சிறிதாக்கினால் போதும். அதே 70 வழிதான். பாவிக்கும் விதத்தில்தான் வித்தியாசம். சிக்கனமாகக் குடும்பம் நடத்தத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்லவே!

தொட்டிலுக்குப் பக்கத்தில் வரைந்த திட்டம்

யோசனை 1947 இல். நடைமுறைக்கு வந்ததோ முப்பது ஆண்டுகளுக்கும் பின்னர். காரணம், ஓடும் வண்டி ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குள் நுழையும்போது பேச்சு அறுந்துவிடாமல் அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்க வேண்டும். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று நொடிக்கு நொடி அறிந்திருக்க வேண்டும். மனிதக் கைகளால் முடியாத வேலை இது. கணினியால் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வேண்டும். அரசாங்க அனுமதியும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

கணினி எக்ஸ்சேஞ்ச் உருவானதில் ஒரு தாயின் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். அவர் எர்னா ஹூவர். மெய்யியலிலும் கணிதத்தின் அடிப்படைகளிலும் கலாநிதிப் பட்டம் பெற்று 1954 இல் பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தவர். ஒரே நேரத்தில் அழைப்புகள் வந்து குவிந்தால் எக்ஸ்சேஞ்ச் திணறி நின்றுவிடும். அழைப்புகளின் எண்ணிக்கையைக் கணினியே கவனித்து, எந்த வேலையை முதலில் செய்வது, எதைச் சற்றுப் பிற்போடுவது என்று தானாகவே தீர்மானிக்கும் வழியை அவர் கண்டுபிடித்தார். தமது இரண்டாவது மகளைப் பெற்றெடுத்து ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே அதன் முதற் படங்களை வரைந்தார். 1971 இல் அதற்கான காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. அடுப்பில் சோறு, இடுப்பில் பிள்ளை, வாசலில் மீன்காரர் என மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் நமது பெண்களுக்கு, எதை முதலில் கவனிப்பது என்ற அந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும்.

அழைப்பு உங்களைத் தேடி வருவது எப்படி?

உங்கள் போன் சும்மா மேசையில் கிடப்பதாக நினைக்கிறீர்கள். அது சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள கோபுரங்களின் அலையைக் கவனித்து, எது பலமாக இருக்கிறது என்று பார்த்தபடியே இருக்கும். திரையில் தெரியும் சிறு கோடுகள் அந்தப் பலத்தின் அளவுதான். பற்றரியின் அளவு வேறு, இந்தக் கோடுகள் வேறு. சாச்சி பார்க்கத் தவறியது இதைத்தான்.

நீங்கள் ஊர்விட்டு ஊர் போகும்போது, போன் தான் வந்து சேர்ந்த பகுதியைக் கோபுரத்துக்கு அறிவிக்கும். அந்த விபரம் கம்பனியின் மத்திய பதிவேட்டில் பதியப்படும். கல்யாணம் முடித்துப் போன மகள், வீடு மாறும்போதெல்லாம் புதிய முகவரியைத் தாய் வீட்டில் சொல்லி வைப்பதைப் போல. உங்களை யாராவது அழைத்தால் முதலில் அந்தத் தாய் வீட்டில்தான் விசாரணை நடக்கும். "மாவனல்லைப் பக்கம் இருக்கிறார்" என்ற பதில் வந்ததும், அந்தப் பகுதியிலுள்ள கோபுரங்கள் எல்லாம் உங்கள் பெயரைக் கூப்பிடும். ஒலிபெருக்கியில் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஊரார் அனைவருக்கும் கேட்கும். உரியவர் மட்டும் எழுந்து வருவார் அல்லவா? அப்படியே உங்கள் போன் மட்டும் "நான் இங்கே" என்று பதில் கொடுக்கும். பிறகுதான் மணி ஒலிக்கும்.

முன்பெல்லாம் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன்னர் வானொலியில் ஒரு கரகரப்புக் கேட்கும். நினைவிருக்கிறதா? அது போன் கொடுக்கும் அந்தப் பதிலின் சத்தமே.

பேசிக்கொண்டே கொழும்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறீர்கள். வரக்காப்பொலையில் ஒரு கோபுரம், கேகாலையில் வேறொன்று. ஒன்றின் அலை மங்கும்போது அடுத்தது பொறுப்பேற்கிறது. ஒரு கையிலிருந்து மறு கைக்குக் குழந்தையை மாற்றுவது போல, பேச்சு விழுந்துவிடாமல் கைமாறுகிறது. கடுகண்ணாவை மலைத்திருப்பத்தில் இணைப்பு அறுந்தால், அடுத்த கை நீளுமுன் முதற் கை விட்டுவிட்டது என்று பொருள்.

முதலாம் தலைமுறை: பேச்சு மட்டும்

1973 ஏப்ரல் 3 ஆம் திகதி, மோட்டரோலா கம்பனியின் மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் வீதியில் நின்றபடி, போட்டிக் கம்பனியான பெல் ஆய்வுகூடத்தின் ஜோயல் ஏங்கலுக்கு ஓர் அழைப்பு எடுத்தார். கையில் ஏந்திப் பேசும் தொலைபேசியின் முதல் அழைப்பு அதுவே. கருவியின் நிறை ஒரு கிலோவுக்கும் அதிகம்.

பொதுமக்களுக்கான முதலாவது செலியுலர் சேவை 1979 டிசெம்பரில் ஜப்பானின் டோக்கியோவில் ஆரம்பமானது. அடுத்ததாக, ஐரோப்பாவின் வடபுல நாடுகள் கூடி ஒரு பொதுமுறையை உருவாக்கின. ஆனால் அந்த முறையில் முதலில் சேவை தொடங்கியது சுவீடனில் அல்ல. 1981 செப்டெம்பரில் சவூதி அரேபியாவில்! சுவீடனுக்கு அது வந்தது அடுத்த மாதம். அமெரிக்காவில் 1983 ஒக்டோபரில் சிக்காகோ நகரில் தொடங்கியது. அங்கே விற்ற முதல் கைத்தொலைபேசியின் விலை 3,995 டொலர். செங்கல் அளவு. பத்து மணித்தியாலம் சார்ஜ் ஏற்றினால் அரை மணித்தியாலம் அளவில் பேசலாம்.

நமது நாட்டுக்கு இச்சேவை 1989 இல் செல்டெல் கம்பனி மூலம் வந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. ஆனால் அன்று அது வசதி படைத்தோரின் பொருள். வந்த அழைப்பைக் கேட்பதற்கும் காசு கட்டவேண்டியிருந்த காலம். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நமது தாய்மாரோ, கசெட்டில் குரலைப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புபவரின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மகனின் குரலை நேரில் கேட்க வேண்டுமென்றால் டவுனிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் நேரம் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

முதலாம் தலைமுறையில் குரல் அப்படியே அலையில் ஏறிச் சென்றது, வானொலி நாடகம் போல. ஆகவே தகுந்த வானொலிக் கருவி வைத்திருந்த எவருக்கும் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்க முடிந்தது. தொலைபேசியின் இலக்கத்தைத் திருடி, வேறொரு போனில் ஏற்றிப் பேசிவிட்டுக் கட்டணத்தை உரியவர் தலையில் கட்டிய மோசடிகளும் நடந்தன.

இரண்டாம் தலைமுறை: சிம்மும் எஸ்.எம்.எஸ்ஸும்

ஐரோப்பிய நாடுகள் 1982 இல் ஒரு குழுவை அமைத்து எல்லா நாட்டுக்கும் பொதுவான புதிய முறையைத் திட்டமிட்டன. அதுவே ஜீ.எஸ்.எம். 1991 ஜூலை முதலாம் திகதி பின்லாந்தில் முன்னாள் பிரதமர் ஹாரி ஹொல்கேரி அதன் முதல் அழைப்பை எடுத்தார். இலங்கையில் 1995 இல் டயலொக் சேவை இம்முறையில் ஆரம்பமானது.

இதில் குரல் எண்களாக மாற்றப்பட்டுச் செல்கிறது. எண்களைச் சுருக்கலாம், பூட்டியும் அனுப்பலாம். ஒரு வழியை எட்டுப் பேர் பங்குபோட்டார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக, ஒவ்வொருவருக்கும் நொடிக்கு சுமார் 217 தடவை ஒரு சிறு துளி நேரம். அத்தனை விரைவாக முறை வருவதால் இடைவெளி காதுக்குத் தெரிவதில்லை. வானொலியில் கேட்ட அந்தக் கரகரப்பும் இந்தத் துடிப்பால் வந்ததே.

சிம் அட்டையும் அப்போது வந்ததுதான். அதனுள்ளே ஓர் இரகசிய எண் இருக்கிறது. அந்த எண் ஒருபோதும் வெளியே வராது. கம்பனி ஒரு கேள்வி எண்ணை அனுப்பும். சிம் தனது இரகசியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். விடை சரியென்றால் கதவு திறக்கும். ஆனால் ஒரு குறை இருந்தது. போன் தன்னை யாரென்று கோபுரத்துக்கு நிரூபித்ததே தவிர, கோபுரம் தன்னைப் போனுக்கு நிரூபிக்கவில்லை. மூன்றாம் தலைமுறையில்தான் இருபக்கமும் அடையாளம் காட்டும் வழக்கம் வந்தது.

1992 டிசெம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தில் நீல் பப்வேர்த் என்ற இளம் பொறியியலாளர் முதலாவது குறுஞ்செய்தியை அனுப்பினார். ஒரு செய்தியில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ 70 குறியீடுகள்தான். அதிலும் "கொ" போன்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீட்டு இடத்தைப் பிடித்துவிடும். தமிழில் எழுதும்போது ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து கட்டணம் கூடுவது இதனால்தான்.

மூன்றாம் தலைமுறை: படமும் வந்தது

இரண்டாம் தலைமுறையில் குரலுக்குத்தான் முதலிடம். படம் அனுப்புவது பெரும்பாடு. 2001 ஒக்டோபரில் ஜப்பானின் டொகொமோ கம்பனி மூன்றாம் தலைமுறையை ஆரம்பித்தது. இலங்கைக்கு 2006 இல் வந்தது.

இப்போது பங்கு போடும் முறை மாறியது. முறை வைத்துப் பேசாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அகலமான வழியில் பேசினார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறியீடு. ஒரு மண்டபத்தில் பலர் பல மொழிகளில் பேசினாலும், தமிழ் தெரிந்தவர் காதில் தமிழ் மட்டும் பிரிந்து கேட்பது போல. 2005 ஐ அண்டிய ஆண்டுகளில் கம்பியில்லாமல் நமது வீடுகளுக்கு வந்த சீ.டீ.எம்.ஏ. போன்களும் இந்தக் குறியீட்டு முறையில் இயங்கியவைதான். கம்பி இழுக்கும் வரை காத்திருந்து களைத்த எத்தனையோ வீடுகளுக்கு முதல் தொலைபேசி அதுவாக இருந்தது.

நான்காம் தலைமுறை: எல்லாம் பொதிகளாக

2009 டிசெம்பரில் ஸ்டொக்ஹோம், ஒஸ்லோ ஆகிய நகரங்களில் நான்காம் தலைமுறை தொடங்கியது. இலங்கையில் கையடக்கத் தொலைபேசிகளுக்கு இது 2013 இல் கிடைத்தது. முன்பு ஒரு அழைப்புக்கென ஒரு வழி முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் பேசாமல் மௌனமாக இருந்தாலும் வழி உங்களுடையதே. நான்காம் தலைமுறையில் குரல், படம், கடிதம் எல்லாமே சிறு பொதிகளாக வெட்டப்பட்டு, முகவரி எழுதப்பட்டு, வழியில் இடமிருக்கும் போதெல்லாம் அனுப்பப்படுகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் ஒன்றாக்கப்படுகின்றன.

வேகம் எவ்வளவு மாறியது என்று பாருங்கள். பேரப்பிள்ளையின் படம் ஒன்று 2 மெகாபைட் அளவு என்று வைப்போம். இரண்டாம் தலைமுறையின் ஆரம்ப வேகத்தில் அதை அனுப்ப ஏறக்குறைய 28 நிமிடம். மூன்றாம் தலைமுறையின் ஆரம்பத்தில் சுமார் 42 நொடி. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் நான்காம் தலைமுறையில் கண்ணிமைக்கும் நேரம். வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவது நமது வீடுகளில் சாதாரணமானது இந்த வேகத்தால்தான்.

ஐந்தாம் தலைமுறையும் மினாவின் கூடாரங்களும்

2019 ஏப்ரலில் தென்கொரியா ஐந்தாம் தலைமுறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இதில் உயர்ந்த மீடிறன் கொண்ட அலைகளும் பயன்படுகின்றன. இவற்றில் ஏராளமான தகவலை ஏற்றலாம். ஆனால் இவை அதிக தூரம் செல்லா. சுவரையும் எளிதில் ஊடுருவா. ஆகவே கோபுரங்கள் நெருங்கி நெருங்கி நிற்கவேண்டும். நிறைய சிறு அன்டெனாக்கள் சேர்ந்து, எல்லாப் பக்கமும் இறைக்காமல், டோர்ச் வெளிச்சம் போல வேண்டிய திசைக்கு அலையைக் குவித்து அனுப்புகின்றன.

1947 இன் தேன்கூட்டு யோசனை எவ்வளவு தூரம் உண்மையென்று காண ஹஜ் காலத்து மினாவைப் பார்க்கலாம். ஆண்டில் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கில், 2024 இல் 18 இலட்சத்துக்கும் அதிகமான ஹாஜிகள் கூடினார்கள். அலை எட்டுவது மட்டும் போதாது. அத்தனை பேருக்கும் வழி வேண்டும். ஆகவே வழமையான கோபுரங்களோடு, வாகனத்தில் ஏற்றிய தற்காலிகக் கோபுரங்களையும் கொண்டுவந்து, அறைகளைச் சின்னஞ்சிறிதாக்கி விடுகிறார்கள். பெருநாள் காலையில் நமது ஊரில் "லைன் கிடைக்கவில்லை" என்று நாம் சலித்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். சிக்னல் நிறைய இருக்கும், வழியெல்லாம் நிரம்பியிருக்கும்.

உம்மாவின் பழைய போன்

புதியது வந்தால் பழையது போகும். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் இரண்டாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியது. அமெரிக்காவின் மூன்றாம் தலைமுறைச் சேவைகள் 2022 இலும், அவுஸ்திரேலியாவில் 2024 இலும் மூடப்பட்டன. அங்கெல்லாம் பழைய போன்கள் பழுதாகாமலேயே பயனற்றுப் போயின. அவுஸ்திரேலியாவில், நான்காம் தலைமுறை போனாக இருந்தும் அவசர அழைப்பை மட்டும் பழைய முறையில் எடுக்கும் கருவிகள் பெரும் கவலையைத் தந்தன.

ஆகவே வயதான பெற்றோருக்குப் புதிதாகப் போன் வாங்கும்போது, பட்டன் போனாக இருந்தாலும் நான்காம் தலைமுறையில் குரல் அழைப்பு எடுக்கக்கூடியதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அத்தகைய பட்டன் போன்கள் விற்பனைக்கு உள்ளன. கம்பனிகள் வெளியிடும் அறிவித்தல்களையும் கவனியுங்கள். தனியே இருக்கும் ஓர் உம்மாவுக்கு அந்தச் சிறு கருவிதான் துணை.

கதிர்வீச்சுப் பயம்

கோபுரத்தைக் கண்டால் பயப்படுவோர் உண்டு. இந்த அலைகள் எக்ஸ் கதிர்களைப் போல உடலின் கலங்களிலுள்ள மூலக்கூறுகளை உடைக்கும் வலிமை கொண்டவையல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011 இல் இவற்றை "புற்றுநோயை உண்டாக்கக் கூடும்" என்ற, சான்று குறைந்த பிரிவில் வைத்தது. பின்னர், அதே அமைப்பின் வேண்டுகோளின் பேரில் நடந்து 2024 இல் வெளியான விரிவான மீளாய்வு, கைத்தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

பலர் அறியாத ஒன்று: கோபுரம் தூரமாக இருந்தால் உங்கள் போன் அதிக பலத்தோடு கத்தவேண்டும், அருகில் இருந்தால் மெதுவாகப் பேசினால் போதும். சிக்னல் குறைந்த இடத்தில் பற்றரி விரைவில் தீர்வதும் இதனால்தான். இன்னும் கவனமாக இருக்க விரும்புவோர், கோடுகள் குறைந்த இடத்தில் நீண்ட நேரம் காதில் வைத்துப் பேசாமல், ஜன்னலோரம் வந்தோ, ஸ்பீக்கரிலோ பேசலாம்.

நினைவில் வைக்க வேண்டியவை

மின்சாரம் நின்றால் முதலில் பாருங்கள் கோடுகளை. கோபுரங்களில் பற்றரி உண்டு. ஆனால் அவை மணித்தியாலக் கணக்கில்தான் தாங்கும். 2022 இல் நீண்ட மின்வெட்டு நாட்களில் இதை நாடே அனுபவித்தது. கோடில்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித்தேடியே பற்றரியைத் தீர்த்துவிடும். அந்நேரம் அதை அணைத்து வைத்து, இடையிடையே போட்டுப் பாருங்கள்.

ஆபத்து வேளையில் அழைப்புக் கிடைக்காவிட்டால் "நலம்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். குரலுக்குத் தொடர்ச்சியான வழி வேண்டும். குறுஞ்செய்திக்கு ஒரு சிறு இடுக்குப் போதும். சேர முடியாவிட்டாலும் கம்பனியில் காத்திருந்து வழி திறந்ததும் போய்ச் சேரும்.

பக்கத்திலுள்ளோர் போன்கள் வேலை செய்ய, உங்கள் சிம் மட்டும் காரணமின்றிச் செத்துப்போனால் அலட்சியம் வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் புதிய சிம் எடுத்திருக்கக் கூடும். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கங்கள் அவர் கைக்குப் போகும். உடனே வேறொரு போனிலிருந்து கம்பனிக்கும் வங்கிக்கும் அறிவியுங்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை, கேட்பவர் யாராக இருந்தாலும், சொல்லவே கூடாது.

*#06# என்று அழுத்தினால் உங்கள் கருவியின் 15 இலக்க எண் தோன்றும். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன் களவு போனால் பொலிஸில் முறையிட அது வேண்டும்.

வெள்ளம் அறுத்தது எதை?

இனிச் சாச்சியின் கேள்விக்கு வருவோம். கம்பியே இல்லை என்று அவர் நினைத்தது பாதி உண்மை. அவரது போனிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரை மட்டுமே கம்பியில்லாப் பயணம். ஒன்றிரண்டு மைல் இருக்கும். கோபுரத்திலிருந்து குரல் பெரும்பாலும் கண்ணாடி இழைக் கேபிளில் கொழும்புக்குப் போகிறது. அங்கிருந்து கடலின் அடியே இறங்குகிறது. 2005 இல் சேவைக்கு வந்த ஒரு கடலடிக் கேபிள் கொழும்பையும் தொட்டு, அரபிக்கடலையும் செங்கடலையும் கடந்து ஜித்தாவையும் தொட்டுச் செல்கிறது. ஜித்தாவில் மீண்டும் தரையில் ஓடி, மகனின் அறைக்கு அருகிலுள்ள கோபுரத்தில் ஏறித்தான் மறுபடியும் காற்றில் பறக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் கம்பிக்கு இரு முனையிலும் ஒரு முழம் காற்று. அவ்வளவே.

வெள்ளம் அறுத்தது கோபுரத்துக்கு வந்த மின்சாரத்தை. பற்றரி தீர்ந்ததும் கோபுரம் மௌனமானது. ஜித்தாவிலிருந்து புறப்பட்ட அழைப்பு இலங்கைக்கு வந்து, சாச்சியின் பெயரை ஊரில் கூப்பிட ஆளில்லாமல் திரும்பிப் போனது. மகன் மறக்கவில்லை. உம்மாவுக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

இதைச் சொன்னபோது சாச்சி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இந்தக் கோடு தானே?" என்று கேட்டார். இப்போது மழை இருட்டினால் அவர் முதலில் பார்ப்பது வானத்தை. அடுத்தது அந்தக் கோடுகளை. மகனுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்: "கோல் கிடைக்கல்ல எண்டா பயப்படாத. கோபுரம் தூங்குது எண்டு நெனச்சுக்கோ."